முதிர்வயதின் ஜெபம்: பாவெல் செஸ்னகோவைத் தேடி மாஸ்கோவில்

ரஷ்யத் திருச்சபையின் ஆராதனைக்காக 400க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை எழுதியவர் பாவெல் செஸ்னகோவ். அவற்றில் ஒன்று 71ஆம் சங்கீதத்தின் விண்ணப்பம்: “முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்.” அதற்கு இசை எழுதியபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கைநிறைய வேலையும் நல்ல பெயரும் இருந்த காலம் அது. அதற்குப் பிறகு அவருக்கு வாய்த்த முதுமை எப்படிப்பட்டது என்று படித்ததிலிருந்து, அவர் பாடின இடங்களையும் அவர் கல்லறையையும் ஒரு தரம் போய்ப் பார்த்து ஜெபித்துவிட்டு வரவேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நான் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறவள். அவர் பாடல்களை ஒலிப்பதிவில் கேட்டே பல வருடங்கள் ஜெபித்திருக்கிறேன். லெந்து காலத்தில் மாஸ்கோ போகும் வாய்ப்பு அமைந்தது. ரஷ்ய மொழி நன்றாகத் தெரிந்த தோழி ஒருத்தியும் கூட வந்தாள்.

முதலில் அவர் பிறந்த பக்கம் போனோம். மாஸ்கோவுக்கு மேற்கே இஸ்த்ரா என்ற சிறு நகரம், புறநகர் ரயிலில் போய்விடலாம். 1877இல் செஸ்னகோவ் பிறந்தபோது அந்த ஊரின் பெயர் வஸ்கிரெசென்ஸ்க். பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய தகப்பனார் கோயில் கொயரை நடத்திக்கொண்டிருந்தார். பேச்சு வரும்போதே பாட்டும் வந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு.

இஸ்த்ராவுக்கு யாத்திரிகர்கள் போவது வேறொரு காரணத்துக்காக. நிக்கோன் என்ற மறைமுதல்வர் 1656இல் அங்கே ஒரு மடத்தை நிறுவி, அதற்குப் புதிய எருசலேம் என்று பெயரிட்டார். எருசலேமில் இருக்கும் ஆண்டவரின் கல்லறை ஆலயத்தை அப்படியே இங்கே எழுப்ப வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். குன்றுக்கு சீயோன் என்று பெயர், ஆற்றுக்கு யோர்தான். பரிசுத்த தேசத்துக்குப் போக முடியாத ரஷ்யக் குடியானவன் இங்கே நடந்து வந்து கல்லறை முன் மண்டியிடலாம். 1941 டிசம்பரில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை இந்த ஆலயத்தை வெடி வைத்துத் தகர்த்தது. இடிபாட்டிலிருந்து மீட்டுக் கட்ட எத்தனையோ பத்தாண்டுகள் ஆயின. இன்று உள்ளே போனால், கூம்பு வடிவப் பெரும் கூரையின் கீழ் வெளிச்சம் நாலா பக்கமிருந்தும் இறங்குகிறது. நடுவே அந்தச் சிறிய கல்லறை அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். நானும் குனிந்து நுழைந்து கல்லைத் தொட்டேன். உடனே ஒரு பாட்டி எனக்குப் பின்னால் வந்து மண்டியிட்டார், இடம் விட்டு எழுந்துகொண்டேன்.

அடுத்து மாஸ்கோ. எட்டு வயதுப் பையனாக செஸ்னகோவ் சேர்ந்தது, ரஷ்யத் திருச்சபையின் ஆளும் மன்றமான சினட்டின் இசைப் பள்ளியில். அந்தப் பள்ளியின் கொயர்தான் கிரெம்ளினின் உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் பாடியது. அங்கே 1895 வரை படித்துத் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். பள்ளியை அப்போது நடத்திய ஸ்தெபான் ஸ்மொலென்ஸ்கி பழைய ஏடுகளில் கிடந்த ஆதி ராகங்களைத் தேடிச் சேர்த்தவர். இத்தாலியப் பாணியில் ஊறிப்போன கோயில் சங்கீதத்தை மறுபடியும் சொந்த மண்ணின் ராகங்களுக்குத் திருப்பிய இயக்கம் அந்தப் பள்ளியைச் சுற்றித்தான் வளர்ந்தது. இசையமைப்பாளர் ரஹ்மானினவின் புகழ்பெற்ற இராமுழு வழிபாட்டு இசையை 1915இல் முதலில் பாடியதும் இதே கொயர்தான். பெரிய நிகித்ஸ்கயா தெருவில் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, ஆனால் பள்ளி இல்லை. 1918இல் புதிய அரசு அதை மூடிவிட்டது. இப்போது அது இசைக் கல்லூரியின் ரஹ்மானினவ் அரங்கம். வாசலில் நின்று, இங்கே பாடிய சின்னப் பையன்களுக்காக நன்றி சொல்லி ஜெபித்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் ஆராதனையில் வாத்தியமே கிடையாது. ஆர்கன் இல்லை, கீபோர்டு இல்லை. மனிதக் குரல் மட்டும்தான் ஆண்டவரைத் துதிக்கத் தகுந்தது என்பது அவர்களுடைய மரபு. அதனால் வாத்தியம் செய்கிற வேலையையெல்லாம் குரல்களே செய்தாக வேண்டும். செஸ்னகோவின் பாடல்களில் அடியில் ஆண் குரல்கள் விரித்துத் தருகிற தளத்தின்மேல்தான் மற்ற எல்லாம் நிற்கும். சாதாரணமாக நாம் கேட்கிற பேஸ் குரலுக்கும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடுகிறவர்கள் அங்கே உண்டு, அவர்களை ஆக்டவிஸ்ட் என்கிறார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன முதிர்வயதின் ஜெபத்தில் தனிக்குரல் அப்படிப்பட்ட ஒரு ஆக்டவிஸ்டுக்குத்தான். உயரே போகிற குரலுக்குக் கொடுத்திருந்தால் அது அழகான கெஞ்சலாகப் போயிருக்கும். கீழே, இன்னும் கீழே என்று இறங்குகிற குரல் பாடும்போது, பெலன் ஒடுங்கின ஒருவர் தரையிலிருந்து கூப்பிடுகிறதாகவே கேட்கிறது. “ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்ற இன்னொரு சங்கீதமும் கூடவே நினைவுக்கு வரும்.

அப்புறம் அவர் கொயர் நடத்திய கோயில்களைத் தேடினோம். இதுதான் யாத்திரையில் மனம் கனத்துப்போன பகுதி.

பக்ரோவ்கா தெருவில் பரிசுத்த திரித்துவ ஆலயம். 1902 முதல் 1914 வரை அவர் அங்கே கொயரை நடத்தினார், அவருடைய பாடல்களில் பெரும்பகுதி உருவானதும் அந்தக் காலத்தில்தான். மாஸ்கோவின் மிகச் சிறந்த கொயர்களில் ஒன்று என்று அதற்குப் பெயர் இருந்தது. சோவியத் ஆட்சியில் ஆலயம் மூடப்பட்டு, குவிமாடமும் மணிக்கோபுரமும் போய், கலாச்சார மன்றமாக மாற்றப்பட்டது. தெரு வழியே போகிற எவருக்கும் அது கோயில் என்று சொன்னால்தான் தெரியும். அதற்கடுத்து 1917 முதல் 1928 வரை அவர் கொயர் நடத்தியது த்வெர்ஸ்கயா தெருப் பக்கத்தில் இருந்த புனித பசிலியுவின் ஆலயத்தில். அதைத் தேடிப் போவதில் பயனில்லை, 1930களில் இடித்துவிட்டார்கள்.

மூன்றாவது, இரட்சகராம் கிறிஸ்துவின் பேராலயம். நெப்போலியனிடமிருந்து நாடு தப்பினதற்கு நன்றிக் காணிக்கையாக எழும்பியது. 1839இல் தொடங்கி 1883இல் பிரதிஷ்டை ஆனது. அதன் கடைசி கொயர் தலைவர் செஸ்னகோவ்தான் என்பார்கள். 1931 டிசம்பர் 5ஆம் தேதி ஸ்டாலினின் அரசு அதை வெடி வைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் வானளாவிய சோவியத் மாளிகை ஒன்றைக் கட்டப் போவதாக அறிவித்தார்கள், கட்டவில்லை. பிறகு 1960இலிருந்து அது திறந்தவெளி நீச்சல்குளமாக இருந்தது. இப்போது அதே இடத்தில், அதே வடிவில், 103 மீட்டர் உயரத்தில் பேராலயம் திரும்பவும் நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்தார்கள்.

கிரப்போட்கின்ஸ்கயா மெட்ரோவிலிருந்து மேலே ஏறி வந்தால் வெள்ளைச் சுவரும் தங்கக் குவிமாடமும் முகத்துக்கு நேரே. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் அதிகம். என் தோழி உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். அந்தப் பேராலயத்தின் அழிவு செஸ்னகோவை அடியோடு முறித்துப்போட்டது, அதன் பிறகு இசை எழுதுவதையே விட்டுவிட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பக்திப் பாடல்களை எழுதவோ பாடவோ வெளியிடவோ விடாத காலம் முன்பே வந்துவிட்டிருந்தது. அவர் பாடின மூன்று கோயில்களுக்கும் நேர்ந்ததை அடுத்தடுத்து கண்ணால் பார்த்தவருக்கு வார்த்தையில் நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

ஆனாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1920இலிருந்து மாஸ்கோ இசைக் கல்லூரியில் கொயர் நடத்தும் கலையைக் கற்றுக்கொடுத்து வந்தார். கோயில்களில் கற்ற அத்தனையையும் திரட்டி ஒரு பாடநூல் எழுதினார். குரல்கள் ஒன்றோடொன்று எப்படிச் சமனாக வேண்டும், சுருதி எங்கே நழுவும், உச்சரிப்பு எப்படித் தெளிய வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. கோயிலில் வாழ்ந்த கலையை, கோயில் என்ற சொல் எடுக்க முடியாத காலத்தில், பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிட்டார். புத்தகம் 1940இல் வெளிவந்து சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. கொயரில் பாடுகிற எனக்கு, அவருடைய 400 பாடல்களுக்குச் சமமான ஊழியமாகவே அந்தப் புத்தகம் தெரிகிறது.

1944 மார்ச் 14ஆம் தேதி, போர்க்காலத்துக் குளிரில், ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர் நெஞ்சடைத்துச் சாய்ந்தார் என்கிறார்கள். வயது 66.

வகான்கோவா கல்லறைத் தோட்டத்துக்குப் போன அன்று தரையில் பாதி பனி, பாதி சேறு. 1771இல் கொள்ளைநோய் பரவியபோது ஏற்படுத்தின தோட்டம் அது. கவிஞர் யெசெனினும் பாடகர் விசோத்ஸ்கியும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் கல்லறைகளில் எந்நேரமும் பூ. செஸ்னகோவைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. வழி கேட்டபோது, பூ விற்கிற அம்மா ஒருவர் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் கூட வந்து திசை காட்டினார். கல்லறைக்கு முன் நின்று என் தமிழ் வேதாகமத்திலிருந்து 71ஆம் சங்கீதம் முழுவதையும் வாய்விட்டு வாசித்தேன். 18ஆம் வசனம் வரை ஓடிவந்த குரல் அங்கே நின்றுவிட்டது. “இந்தச் சந்ததிக்கு உமது வல்லமையையும், வரப்போகிற யாவருக்கும் உமது பராக்கிரமத்தையும்” அறிவிக்கும்வரை என்னைக் கைவிடாதேயும் என்று கேட்கிறான் சங்கீதக்காரன். வரப்போகிற யாவருக்கும்! அந்த யாவரில் நானும் ஒருத்தியாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவருடைய ஜெபத்தை ஆண்டவர் கேட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

தோட்டத்துக்குள்ளேயே உயிர்ப்பின் ஆலயம் இருக்கிறது. நித்திரையடைந்தவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி அங்கே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். குடும்பப் பெயர் எழுதக்கூடாது, ஞானஸ்நானப் பெயர் மட்டும். தோழி ரஷ்ய எழுத்தில் பாவெல் என்று எழுதிக் கொடுத்தாள். இப்படி ஜெபிப்பது எங்கள் சபை வழக்கத்தில் இல்லை. இருந்தும், குரு பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபோது தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய பாடலை ஆராதனைக்குள் கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. இசைக் கல்லூரிக்குப் பின்பக்கம் புரூசவ் சந்தில் ஒரு சிறிய உயிர்ப்பின் ஆலயம் உண்டு. சோவியத் காலம் முழுவதும் மூடாமல் தப்பித்த வெகுசில கோயில்களில் அது ஒன்று. இசைக்காரர்களும் நடிகர்களும் தேடி வருகிற கோயில். ‘கெட்டுப்போனவர்களைத் தேடும் அன்னை’ என்ற மரியாளின் திருவுருவம் அங்கே விசேஷம். லெந்து கால வெள்ளிக்கிழமை ஒன்றில் போனோம். லெந்து நாட்களில் புதன், வெள்ளியில் முழு திருவிருந்து ஆராதனை கிடையாது. முந்தின ஞாயிறே பிரதிஷ்டை செய்து வைத்த அப்பத்தைத்தான் பகிர்வார்கள். கறுப்புத் திரை, கறுப்பு அங்கி, குறைந்த வெளிச்சம்.

ஆராதனையின் நடுவில் எல்லோரும் முழங்காலில் இறங்கினார்கள். ஒரு பெண்குரல் தனியே எழுந்தது, செஸ்னகோவின் இசையில் 141ஆம் சங்கீதம்: “என் விண்ணப்பம் உமக்கு முன்பாகத் தூபமாகவும், என் கையெடுப்பு அந்திப்பலியாகவும் இருக்கக்கடவது.” அது ஆல்ட்டோ குரலுக்கு எழுதியது, என்னுடைய குரல்வகை. எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்று எனக்கு உடம்பாலேயே தெரியும். ஒலிப்பதிவில் எத்தனையோ பெரிய பாடகிகள் இதைப் பாடிக் கேட்டிருக்கிறேன். ஆனால் குரு தூபக்காலோடு பலிபீடத்தின் முன் நிற்க, சனங்கள் நெற்றி தரையில் பட மண்டியிட்டிருக்க, நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி எந்த அலங்காரமும் இல்லாமல் பாடியபோதுதான், செஸ்னகோவ் இதைக் கேட்பவர்களுக்காக எழுதவில்லை, மண்டியிட்டவர்களுக்காக எழுதினார் என்று விளங்கியது. பாட்டு முடிந்ததும் யாரும் ஒரு விநாடி நிறுத்தி ரசிக்கவில்லை. நேரே புனித எஃப்ரேமின் ஜெபம், மறுபடி சாஷ்டாங்கம். ஆராதனை அதன்போக்கில் போய்க்கொண்டே இருந்தது. நானும் அழுதபடியே விழுந்து எழுந்தேன்.

முடிந்த பிறகு அந்தப் பாடகியிடம் தோழி மூலம் நன்றி சொன்னேன். நானும் ஆல்ட்டோ என்றதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். செஸ்னகோவின் மிகப் பிரபலமான பாடலை இங்கே கேட்க முடியுமா என்று கேட்டேன். 1912இல் எழுதிய அந்தப் பாடலுக்கு 74ஆம் சங்கீதத்தின் “பூமியின் நடுவில் இரட்சிப்புகளைச் செய்துவருகிற தேவன்” என்ற வசனம்தான் ஆதாரம். கியேவின் பழைய ராகத்தின்மேல் கட்டியது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள்கூட அதை வாத்தியங்களில் வாசிக்கிறார்கள். அந்த அம்மா இல்லை என்று தலையசைத்தார். அது வெள்ளிக்கிழமைக்கான திருவிருந்துப் பாடல், ஆனால் முழு ஆராதனை உள்ள வெள்ளிக்கிழமைக்கு உரியது, லெந்தில் வராது, கோடையில் வாருங்கள் என்றார்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: லெந்தும் உயிர்ப்புக் காலமும் கழிந்த பிறகு, நல்ல கொயர் உள்ள ஒரு கோயிலில் வெள்ளிக்கிழமை காலை ஆராதனைக்குப் போங்கள். என்ன பாடுவார்கள் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் தலைக்குத் துணியும் நீளப் பாவாடையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உட்கார இருக்கை கிடையாது, ஆராதனை நீளமானது, காலுக்கு இதமான செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். வகான்கோவாவுக்குப் போக உலித்ஸா 1905 கோதா மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். சீட்டு எழுதும்போது உங்கள் வீட்டில் நித்திரையடைந்தவர்களின் பெயர்களோடு பாவெல் என்றும் ஒரு பெயரைச் சேர்த்துவிடுங்கள்.