தண்ணீர்மேல் ஒரு ஹெலிபேட்

நகரத்து ஆற்றில் மிதக்கும் ஹெலிபேட் ஒன்று அமைத்தபோது மிதவையைக் கட்டி நிறுத்தும் பொறுப்பு என்னுடையது. கட்டடங்களுக்கு நடுவே தடையில்லாமல் நீண்டு கிடக்கும் வழி ஆறு மட்டும்தான், நடுவானில் இன்ஜின் நின்றாலும் கீழே வீடுகள் இருக்காது, அதனால்தான் ஆறு. லண்டனின் பேட்டர்சீ ஹெலிபோர்ட் 1959இலிருந்து தேம்ஸ் கரையில் இயங்குகிறது. ஆனால் அது ஆற்றுக்குள் நீளும் அசையாத மேடை. எங்களுடையது நீர்மட்டத்தோடு ஏறி இறங்க வேண்டும்.

எடையை நினைத்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். கணக்குப் போட்டால் 3 டன் ஹெலிகாப்டர் 20 மீட்டர் நீள அகலமுள்ள மிதவையில் இறங்கினால் மிதவை முக்கால் சென்டிமீட்டர்தான் அமிழும். வேகமாக வந்து தட்டி இறங்கினால் தளத்துக்கு வரும் அடி எடையைவிடக் கூடுதல், அதற்கு ஒன்றரை மடங்கு வைத்துக் கணக்கிட்டோம். அதெல்லாம் சரியாக வந்தது.

ஆட்டம்தான் பிரச்சினை. முதல் வரைபடத்தில் நங்கூரமும் சங்கிலியும் போட்டிருந்தோம். நீர் ஏறும்போது இடம் கொடுக்க சங்கிலியில் தளர்வு வேண்டும், அந்தத் தளர்விலேயே மேடை பக்கவாட்டில் அலையும், பைலட்டுக்கோ கால் வைக்கிற இடம் நகரக் கூடாது. அதனால் ஆற்றுப் படுகையில் தூண்கள் அடித்து, அவற்றை வளையங்கள் சுற்றிப் பிடிக்க மேடை மேலும் கீழும் மட்டும் போகும்படி மாற்றினோம். அப்புறமும் படகு போனால் ஆடியது. படகு போய் மறைந்து, தண்ணீர் அடங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மறுபடி ஓர் ஆட்டம் வரும். பல நாள் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. அங்கே தினமும் படகு ஓட்டும் ஒருவர்தான், எதிர்க்கரைச் சுவரில் மோதித் திரும்பும் அலை அது என்று கையை நீட்டிக் காட்டினார். எங்கள் கணக்கில் கரைச்சுவரே இல்லை. வரைபடம் போடும் முன்பே அவரிடம் போயிருக்க வேண்டும், இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கரைக்குப் போகும் நடைபாலமும் பாடாய்ப் படுத்தியது. ஸ்ட்ரெச்சரில் நோயாளியைக் கொண்டுபோக வேண்டிய பாலம். 12 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால், நீர் 3 மீட்டர் இறங்கும்போது பாலம் 36 மீட்டர் நீளமாக இருக்க வேண்டும். செலவு அதிகம் என்று குறைக்கச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒத்திகையில் ஹெலிகாப்டரின் ரோட்டர், அதாவது மேலே சுழலும் இறக்கை, கிளப்பிய காற்று மேடையிலிருந்த தார்ப்பாயைப் பிய்த்து ஆற்றில் போட்டது. அது மேலே எழுந்து ரோட்டரில் சிக்கியிருந்தால்? அன்றிலிருந்து மேடையில் கட்டாத பொருள் ஒன்றுகூட இருக்க விட்டதில்லை.

இப்போது ஹெலிகாப்டர் வருவதற்கு முன் படகுகளுக்குச் சிவப்பு விளக்கு போடுகிறோம். கடைசிப் படகு தாண்டிய பிறகும் பைலட் கொஞ்சம் காத்திருக்கிறார், எதிர்க்கரையிலிருந்து திரும்பும் அந்த அலை வந்து போகும்வரை.