பல்பு புரொஜெக்டர்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

ஊருக்குப் போயிருந்தபோது பரணில் என் பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் காடி (வினிகர்) நெடி மூக்கில் ஏறியது. உள்ளே நான் சின்ன வயசில் சேர்த்த சினிமா பிலிம் துண்டுகள். அசிடேட் பிலிம் நாள்பட்டால் இப்படித்தான் நாறும். நிறமும் போய்விட்டது. வானம், மரம், சேலை எல்லாம் ஒரே ரோஸ் நிறம். ஆனால் உருவங்கள் அப்படியே இருந்தன.

எண்பதுகளின் கடைசி. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கோடை லீவு என்றால் இந்தச் சினிமாதான். தியேட்டர் பக்கத்துப் பெட்டிக்கடையில் துண்டு பிலிம் விற்பார்கள். மச்சு வீட்டுக் கதவை அடைத்து, ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டு, தாத்தாவின் வேட்டியைச் சுவரில் கட்டுவோம். கதவில் ஒரு ஓட்டை. அதற்கு நேரே பிலிம், அப்புறம் தண்ணீர் நிரப்பிய பல்பு. வெளியே ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து ஓட்டைக்குள் அடிக்க வேண்டும். டிக்கெட் பத்துப் புளியங்கொட்டை.

அதை மறுபடி செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் மகளுக்குப் பதினோரு வயது, அவள்தான் உதவி.

முதல் ஞாயிறு முழுவதும் பல்புக்கே போனது. எல்.இ.டி. வந்த பிறகு குண்டு பல்பு ஃப்யூஸ் ஆகிக் கிடப்பதைப் பார்ப்பதே அபூர்வம். கடைசியில் கோழிக்குஞ்சு வளர்க்கும் பக்கத்துத் தெருக்காரரிடம் நான்கு கிடைத்தன. குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும் என்று அவர் இன்னும் குண்டு பல்புதான் போடுகிறார். பால் நிற பல்பு உதவாது, தெளிவான கண்ணாடியாக இருக்க வேண்டும். அடியில் இரண்டு ஈயப் பொட்டு உள்ள கறுப்புக் கட்டியைக் குறடால் நொறுக்கி எடுத்து, உள்ளே இருக்கும் கண்ணாடித் தண்டை ஆணியால் தட்டி உடைக்க வேண்டும். பல்பை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டுதான் செய்தேன், கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டேன். இரண்டு உடைந்தன. மூன்றாவது முழுசாக வந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினேன், பச்சைத் தண்ணீர் என்றால் பல்பின் உள்பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழிகளாக ஒட்டிக்கொள்ளும். வாயை மெழுகால் அடைத்தேன்.

இரண்டாம் ஞாயிறு, வெள்ளோட்டம். பிலிமை பல்போடு ஒட்டி வைத்தபோது முகம் கலங்கலாக இருந்தது. “ரெண்டு விரல் தள்ளி வை” என்று என் வாயில் தானாக வந்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் சொல்லும் வாக்கு அது. தண்ணீர் உருண்டை ஒன்றின் குவியம், அதாவது வெயில் ஒரு புள்ளியாகக் கூடும் இடம், அதன் நடுவிலிருந்து ஆரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் விழும். பல்பின் விட்டம் 6 செ.மீ. என்றால், கண்ணாடிக்கு வெளியே சுமார் 3 செ.மீ. அதாவது சரியாக இரண்டு விரல். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தப் பையன் முதலில் இதைக் கண்டுபிடித்தானோ!

பல்புக்கு அந்தப் பக்கமும் அதே இரண்டு விரல் தூரத்தில் வெயில் முழுவதும் ஒரு புள்ளியில் கூடுகிறது. அங்கே தற்செயலாக நீட்டிய காகிதம் பழுப்பாகிப் புகைந்தது. செய்து பார்ப்பவர்கள் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது, பல்பின் வழியாக வெளிச்சத்தைப் பார்க்கவும் கூடாது. வேலை முடிந்ததும் பல்பைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பிலிமைத் தலைகீழாகச் செருகினோம். ஆறடி தள்ளி, வேட்டியில், இரண்டடி அகலத்துக்கு ஒரு கதாநாயகி எழுந்து நின்றார். ஓரம் வளைந்திருந்தது, நடுவில் நல்ல தெளிவு. “ஏன்ப்பா இவ்ளோ ஒல்லியா இருக்காங்க?” என்றாள் மகள். நாங்களும் அப்போது அதையேதான் கேட்போம். சினிமாஸ்கோப் பிலிமில் படத்தைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கித்தான் பதிந்திருப்பார்கள், தியேட்டரில் தனி லென்ஸ் அதை விரித்துக் காட்டும். எங்கள் பல்பு விரிக்காது. அதனால் எங்கள் சினிமாவில் எல்லாருமே பனைமரம் போல் நெடுநெடுவென்று இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் துண்டுகளை எண்ணினோம். 42 துண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு படம், மொத்தம் 150. நொடிக்கு 24 என்று ஓடினால் ஆறு நொடிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஆறு நொடியை வைத்து எத்தனை மத்தியானங்கள் ஓட்டியிருக்கிறோம்!

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கண்ணாடியைச் செங்கல்லில் சாய்த்து வைத்தால் வெளிச்சம் நகர்ந்துவிடுகிறது. சூரியன் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகரும். கண்ணாடி பத்தடி தள்ளி இருந்தால் வெளிச்சம் அதற்குள் இரண்டு அங்குலம் விலகிப் படம் போய்விடும். ஆக ஒரு ஆள் வெயிலில் நின்றே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அக்கா. எனக்கு நான்கு வயது மூத்தவள். கை ஆடாமல் பிடிப்பாள் என்று அவளிடம்தான் கண்ணாடி. உள்ளே எந்தத் துண்டு செருகியிருக்கிறோம் என்று கத்துவோம், அவள் வெயிலில் நின்றபடியே அந்தப் படத்துப் பாட்டைப் பாடுவாள். எங்கள் சினிமாவுக்குச் சத்தமே அவள்தான். படம் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை என்பது இரண்டாம் ஞாயிறு மத்தியானம் கண்ணாடியோடு வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவின் பச்சைப் பெயிண்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்று ராத்திரியே அக்காவுக்குப் போன் போட்டேன்.

மூன்றாம் ஞாயிறு காலை பஸ்ஸில் வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் கண்ணாடியை எடுக்கப் போனாள். “நீ உள்ள போக்கா” என்றேன். கதவை அடைத்தோம். மகள் துண்டு செருகினாள். ஓட்டையில் வெளிச்சத்தை நிறுத்தினேன்.

பாட்டு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் குரல், நான் அந்தக் காலத்தில் அவளைப் பார்த்துக் கத்திய அதே தொனியில்: “தம்பி, வெயிலு போயிருச்சு. கொஞ்சம் இடது பக்கமா!”

திருப்பினேன். 42 துண்டையும் பார்த்தாள். கிணற்றடியில் ஒரு பெண் குடத்தோடு நிற்கும் துண்டு ஒன்று உண்டு. அதை மட்டும் மறுபடி போடச் சொன்னாள்.