எண்ணறிவில் ஆண், பெண் வேறுபாடு: செயல்நிலை ஆய்வு செய்யவிருக்கும் ஆசிரியர்களுக்கு

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகச் செயல்நிலை ஆய்வு (ஆசிரியர் தம் வகுப்பறைப் பிரச்சினை ஒன்றைத் தாமே ஆராய்வது) செய்யவிருக்கும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளின் எண்ணறிவிலும் அடிப்படைக் கணிதச் செய்கைகளிலும் ஆண், பெண் வேறுபாடு உண்டா என்பதுதான் நான் எடுத்த தலைப்பு. கொழும்பில் இதற்குத் தேவை இருக்கிறது. “பெண்பிள்ளைதானே ரீச்சர், கணக்குக் கொஞ்சம் மெல்லத்தான் வரும்” என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படித்த பெற்றோரே சொல்கிறார்கள். அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தவணைப் பரீட்சைப் புள்ளிகளை வைத்து ஆய்வைத் தொடங்காதீர்கள். அந்த ஒற்றைப் புள்ளிக்குள் வாசிப்பு, ஞாபகம், வீட்டில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் கலந்து கிடக்கும். திறனைப் பிரித்துப் பாருங்கள்: எண்ணுதல், இரண்டு எண்களில் பெரியதைக் காட்டுதல், வரிசைப்படுத்தல், கூட்டல், கழித்தல், எண்கோட்டில் (எண்கள் வரிசையாக அமையும் நேர்கோட்டில்) ஓர் எண்ணின் இடத்தைக் குறித்தல். இப்படிப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. ஹட்சிசன், லயன்ஸ், அன்சாரி ஆகிய மூவரும் நெதர்லாந்தில் தரம் 1 முதல் 6 வரையான 1,391 பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான திறன்களில் இருபாலாரும் ஒத்தே இருந்தார்கள். ஆண்பிள்ளைகள் தெளிவாக முன்னுக்கு நின்றது எண்கோட்டில்தான். முன்னைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் உங்கள் இலக்கிய மீளாய்வை இங்கிருந்து தொடங்கலாம்.

பாடசாலைத் தெரிவில் பலர் வழுக்கிவிடுகிறார்கள். கொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் பல ஆண்களுக்கென்றோ பெண்களுக்கென்றோ தனியானவை. ஒரு பெண்கள் பாடசாலையையும் ஓர் ஆண்கள் பாடசாலையையும் ஒப்பிட்டால், இரண்டு பாடசாலைகளின் வித்தியாசமும் இரண்டு ஆசிரியர்களின் வித்தியாசமும் அதற்குள் புகுந்துவிடும். பிறகு எதையும் பிரித்தெடுக்க முடியாது. ஒரே ஆசிரியரிடம் படிக்கும் கலவன் வகுப்பைத் தேடிப் பிடியுங்கள். மாதிரி சிறியதானாலும் பரவாயில்லை. வலயக் கல்விப் பணிமனை, அதிபர், பெற்றோர் ஆகியோரின் அனுமதியை முற்கூட்டியே எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

எண்கோட்டுக்கு ஒரு வெறும் கடதாசிக் கீலம் போதும். இடது முனையில் 0, வலது முனையில் 100, நடுவில் எந்தக் குறியும் வேண்டாம். “48 எங்கே வரும்?” என்று தரம் 3 பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன். பென்சில் முனையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடது முனையிலிருந்து நெருக்கமாகக் குத்திக்கொண்டே போனாள். கீலத்தின் கால்வாசியைத் தாண்டுவதற்குள் 48 வந்துவிட்டது. அங்கேயே கோடு போட்டாள். சற்று முன்னர்தான் 52இலிருந்து 17ஐப் பிழையில்லாமல் கழித்துக் காட்டியிருந்தாள். “இதில் அரைவாசி எவ்விடம் பிள்ளை?” என்றதும் கீலத்தை மடித்தாள், மடிப்பைப் பார்த்தாள், போட்ட கோட்டை அழித்துவிட்டு மடிப்புக்குச் சற்று இடப்புறமாகக் குறித்தாள். எண்ணை ஒரு நீளமாகப் பார்க்க அவளுக்கு அதுவரை யாரும் பழக்கியிருக்கவில்லை.

சரி, பிழை மட்டும் குறித்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. எப்படிச் செய்தார்கள் என்பதற்கு உங்கள் பதிவுத்தாளில் கட்டாயம் ஒரு நிரல் ஒதுக்குங்கள். அமெரிக்காவில் ஃபென்னமா குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. முதல் மூன்று வகுப்புகளிலும் அடிப்படைக் கணக்குகளுக்கான சரியான விடைகளில் இருபாலாருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. செய்த வழியில்தான் இருந்தது: பெண்பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதையும் கற்றுத்தந்த முறையையும் கூடுதலாகப் பற்றிக்கொண்டார்கள், ஆண்பிள்ளைகள் சொந்த வழிகளைக் கூடுதலாக முயன்றார்கள்.

தரவுப் பகுப்பாய்வைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். சராசரியோடு நிற்காமல், புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகலையும் எழுதி, எந்தப் புள்ளியை எத்தனை பேர் பெற்றார்கள் என்ற பரம்பலையும் வரைந்து காட்டுங்கள். என் மாதிரியில் பெண்பிள்ளைகளுக்குள்ளேயே இருந்த வித்தியாசம் இரு பாலாருக்கும் இடையில் இருந்ததைவிட மிகப் பெரியது.

2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வைத் தவறவிடாதீர்கள். 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முதலாம் வகுப்பில் சேரும்போது கணிதத்தில் இருபாலாரும் ஏறக்குறைய சமம். நான்கு மாதங்களில் ஆண்பிள்ளைகள் முன்னுக்கு வந்துவிட்டார்கள், வருட முடிவில் இடைவெளி மேலும் கூடியிருந்தது. பிள்ளையின் வயதைவிடப் பாடசாலையில் கழித்த காலத்தோடுதான் அது வளர்ந்தது. ஓர் ஆசிரியையாக இதை வாசித்தபோது எனக்கு மனம் மிகவும் கனத்தது. இதற்குப் பிறகு “இயற்கை” என்று சொல்லிக் கைகழுவ நமக்கு உரிமை இல்லை.

அதனால் விதப்புரையில் “பெண்பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு” என்று எழுதாதீர்கள். எண்கோட்டில் தடுமாறிய ஆண்பிள்ளைகளும் என் மாதிரியில் இருந்தார்கள். கீலம் மடிக்கும் பயிற்சியை முழு வகுப்புக்கும் கொடுங்கள், தரம் 2இலேயே தொடங்குங்கள். கணித பாடத்தில் கரும்பலகைக்கு யாரை அழைக்கிறீர்கள், விடைக்காக யாருக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதைச் சக ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் இருந்து குறிக்கச் சொல்லி, அந்தக் குறிப்பையும் ஆய்வில் சேருங்கள்.