பந்து அசைந்தால் போதும்

பதினெட்டு வருஷம் டைப்ரைட்டர் மெக்கானிக்காக இருந்தேன். ஐபிஎம் செலக்ட்ரிக், எழுத்துகள் பதித்த சின்னப் பந்து ஒன்று திரும்பித் திரும்பி அடிப்பதால் நாங்கள் சொல்லும் கோல்ஃப் பால் மெஷின், என் கைக்குப் பழகிய உருப்படி. மூடியைத் தூக்கியதுமே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கொஞ்சம் கர்வம்தான். சோவியத் உளவாளிகள் அமெரிக்கத் தூதரக டைப்ரைட்டர்களுக்குள் ஒட்டுக்கேட்புக் கருவி ஒளித்துவைத்ததைக் கண்டுபிடித்த 'கன்மேன்' திட்டத்தின் கதையைப் படித்ததும் அது அடங்கிவிட்டது.

1984-ல் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து சுமார் 11 டன் மின்கருவிகளை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ சோதனைக்காகச் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துச் சென்றது. முதலில் ஒட்டுக்கேட்புக் கருவியைக் கண்டுபிடிப்பவருக்கு 5,000 டாலர் பரிசு. எக்ஸ்ரே எடுத்தபோதுதான் ஒரு செலக்ட்ரிக்கின் பவர் சுவிட்சில் இருக்கக்கூடாத ஒரு சுருள் தெரிந்தது. கடைசியில், மாஸ்கோவிலும் லெனின்கிராடிலுமாகச் சேர்த்து 16 மெஷின்களில் அந்தக் கருவி இருந்தது.

சூட்சுமம் குறுக்கே ஓடும் உலோகச் சட்டத்தில். கெட்டியாகத்தான் தெரியும், உள்ளே குடைந்திருந்தார்கள். எழுத்தைத் தட்டினால் சில நெம்புகோல்கள் அசைந்து, பந்து எவ்வளவு சாயணும், எவ்வளவு திரும்பணும் என்று முடிவாகும்; எழுத்துக்கு எழுத்து அந்த அசைவுக் கூட்டு வேறு. நெம்புகோல்களைக் காந்தமாக்கி, அசைவைச் சட்டத்துக்குள்ளிருந்தே உணர்ந்து, ரேடியோவில் வெளியே அனுப்பினார்கள். அலைவரிசை உள்ளூர் டிவி ஒளிபரப்பை ஒட்டியே இருந்ததால் காதில் படாது. சோதனைக்காரர்கள் வந்தால் தூரத்திலிருந்தே அணைத்துவிடலாம். நானே திறந்து பார்த்திருந்தாலும் துடைத்து எண்ணெய் விட்டு மூடியிருப்பேன்!

சங்கேதமாக்கும் மெஷின் எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன? கடிதம் அங்கே போய்ச் சேருமுன்பே படித்தாகிவிட்டது. போனை வேவு பார்க்கும் மென்பொருளான பெகாசஸும் இதைத்தான் செய்கிறது: வாட்ஸ்அப்பின் பூட்டை உடைப்பதில்லை, போனுக்குள் உட்கார்ந்துகொண்டு பூட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுகிறது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பந்து அசையாது. பேக்ஸ்பேஸுக்கும் அப்படித்தான். ஆகவே ஒட்டுக்கேட்டவர்களுக்குக் கிடைத்தது இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்ட எழுத்துக்கூட்டம். அடித்துத் திருத்திய இடமும் தெரியாது. எப்படியும் எட்டு வருஷம், 1976 முதல் 1984 வரை, ஏதோ ஓர் அறையில் யாரோ ஒரு குமாஸ்தா வார்த்தை வார்த்தையாகப் பிரித்துக்கொண்டிருந்திருப்பார். வேகமாகத் தப்பும் தவறுமாக அடிக்கும் டைப்பிஸ்ட் வந்த நாட்களில் அவர் என்ன சபித்திருப்பாரோ.