வில்லுப்பாட்டில் ஒரு குண்டு பல்பு

ஆறாம் தரப் பிள்ளைகளுக்கு மின்சாரத்தைச் சேமிப்பது பற்றிச் சொல்ல வேண்டும், கரும்பலகையில் எழுதினால் கொட்டாவிதான் வரும், சரி வில்லுப்பாட்டே போடுவோம் என்று இறங்கினோம். 60 வாட் குண்டு பல்பாக ஒருவன், 9 வாட் எல்ஈடியாக ஒருத்தி. "பத்து மணிநேரம் எரிந்தால் எவ்வளவு குடிப்பாய்?" என்று அவள் கேட்க, அவன் "அரை அலகுக்கும் மேலே!" என்று பாட, "எனக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூட வேண்டாம்" என்றாள். கணக்கை அவர்களே போட்டார்கள், அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். 2022இல் இலங்கையில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை ஒரு பிள்ளை தானாகவே பாட்டில் சேர்த்தாள். திருகோணமலை வெக்கையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மனம் வராது. ஆளில்லாத அறையில் சுற்றுவதை நிறுத்தினால் போதும் என்றேன். அடுத்த கிழமை பெற்றோருக்கு முன்னால் பாடப்போகிறார்கள், வில்லுக்கு மணி கட்டும் வேலை இன்னும் மிச்சம்.