ரெண்டு மொட்டை, ஒரு லீவு

நேத்து ராத்திரி வைபர்ல மெசேஜு வந்துச்சு. கடைசிப் பையனுக்கு திஞ்சான் (பர்மா வருஷப் பொறப்புத் தண்ணித் திருவிழா) லீவுல ஷின்ப்யூ (பையனைக் கொஞ்ச நாள் புத்த சாமியாரா விடுற சடங்கு) வச்சிருக்கேன், நீ வரலைன்னா பேச மாட்டேன்னு. அனுப்பினவன் பேரை இங்க போடல. எனக்கு அவன் "கோயின்" (குட்டி சாமியார்னு அர்த்தம்), அவனுக்கு நான் "மொட்டை". நாப்பது வருஷமா இப்படித்தான், எல்லாம் 1986 லீவுல ஆரம்பிச்சது.

அப்ப எங்களுக்கு பத்து வயசு, பர்மாவுல ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன்லின் பக்கம் இருந்தோம். பாலம் எல்லாம் 1993ல தான வந்துச்சு, அதுக்கு முன்னாடி ரங்கூன் போகணும்னா படகுதான். அவன் வீடும் எங்க வீடும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கும். அவன் பர்மாக்காரன், நான் "கலா", இந்தியா வழி ஆளுங்களை இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அந்த வார்த்தை தெரியாம இந்த ஊர்ல எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வளர்ந்திருக்க முடியாது, சில பேரு சும்மா சொல்லுவாங்க, சில பேரு துப்புற மாதிரி சொல்லுவாங்க, சொல்ற விதத்துலயே எதுன்னு தெரிஞ்சிடும்.

அந்த வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை வந்து பொழைச்சதே பெரிசு. அப்பாயி பீலிக்கான் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டு, லீவு விட்ட உடனே கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டுடுச்சு. (அந்தக் கோயிலுக்கு நம்ம ஆளுங்களை மாதிரியே பர்மாக்காரங்களும் வருவாங்க, புது வண்டி வாங்கினா அங்கதான் பூஜை.) திரும்பி வந்தா தெருப் பசங்க பூரா "கலா மொட்டை, கலா மொட்டை"ன்னு பின்னாடியே வந்தானுங்க, கூட்டத்துல இவனும் நின்னு சிரிச்சான். அதை நான் இன்னும் விடல, ரெண்டு பீர் உள்ள போனா இப்பவும் கேப்பேன்.

அதை விட மோசம், மொட்டைக்குப் பூச சந்தனம் இல்ல. அப்பாயி வச்சிருந்த சந்தனக் கட்டை, விரல் நுனி அளவுக்குத் தேஞ்சு போச்சு, அந்தக் காலத்துல இந்தியச் சாமான் லேசுல கிடைக்காது. வெறும் மண்டையோட கிணத்தடில நின்னேன், வெயில்னா வெயில் அப்படி ஒரு வெயில். அவன் அம்மா, நான் அடோன்னு (அத்தைன்னு வச்சுக்கோங்க) கூப்பிடுவேன், ஒண்ணும் கேக்கல, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வச்சு தனக்கா அரைச்சாங்க, பர்மாக்காரங்க மூஞ்சில பூசுற மரப்பட்டைக் குழம்பு. வட்டக் கல்லு, சுத்தி தண்ணி வடியறதுக்கு ஒரு வாய்க்கா, கட்டையை ரெண்டு கையால பிடிச்சு சுத்திச் சுத்தித் தேய்க்கணும், அப்பாயி சந்தனம் அரைக்கிற அதே கைதான். காதுக்குப் பின்னாடி வரைக்கும் பூசி விட்டாங்க. ஜில்லுன்னு இருந்துச்சு, காஞ்சதும் சுள்ளுன்னு இழுத்துச்சு, புருவத்தைத் தூக்கினா உதிரும். அப்பாயி பாத்துட்டு, சரி சாமி கோவிச்சுக்காதுன்னு மட்டும் சொல்லிச்சு.

பத்து நாள்ல அவனுக்கும் மொட்டை. ஷின்ப்யூன்னா தெரியாதவங்களுக்கு, பையனுக்கு ராஜா மாதிரி பட்டும் ஜிகினாவும் கட்டி ஊர்வலம் விட்டு, தலையை மழிச்சு காவி உடுத்தி பொங்கி சவுங்ல (புத்த சாமியாருங்க மடம்) கொஞ்ச நாள் சாமியாரா விடுறது. மழிக்கிற முடி தரையில விழாம அவன் அப்பாவும் அம்மாவும் வெள்ளைத் துணி விரிச்சுப் பிடிச்சிருந்தாங்க. என் முடி மண்ணுலதான விழுந்துச்சு, எனக்கு அதுல கொஞ்சம் பொறாமை.

அதுக்கப்புறம் அவனை டேய் போட முடியாது! பெத்த அம்மாவே விழுந்து கும்பிடுறாங்க. கோயின்னுதான் சொல்லணும், பேச்சு முடிவுல "பயா" (சாமின்னு மாதிரி) சேக்கணும். சரியா அந்த நேரம் பாத்து திஞ்சான் வந்துடுச்சு, ஊரே ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்துது, சாமியாருங்க மேல மட்டும் யாரும் ஊத்தக் கூடாது. நான் டின்னைத் தூக்கிட்டு சவுங் மதில் பக்கம் நனைஞ்ச கோழி மாதிரி நின்னா, ஜன்னல்ல அவன் மூஞ்சி மட்டும் தெரியும். மத்தியானத்துக்கு மேல சாப்பாடும் கிடையாது, அந்தக் கடுப்பு வேற.

ஏப்ரல் 14 எங்களுக்கும் வருஷப் பொறப்பு. அம்மா சுட்டதுல நாலு உளுந்து வடையை ஒளிச்சு வச்சேன். மறுநாள் விடிய அவங்க வரிசையா வெறுங்காலோட பிச்சைக்கு வந்தாங்க, கடைசி ஆளு இவன், தலை குனிஞ்சு, கண்ணு தரையில. அம்மா சோறு போட்டுச்சு, நான் செருப்பைக் கழட்டிட்டு பவ்யமா பாத்திரத்துல வடையை வச்சு "பயா"ன்னேன். நிமிரவே இல்ல, ஆனா வாய் ஓரம் துடிச்சுச்சு. ரெண்டு பேரும் அங்கயே சிரிச்சிருந்தா பெரிய பொங்கிகிட்ட (மடத்து பெரிய சாமியார்) அடிதான்.

காவி கழட்டிட்டு வரும்போது திஞ்சான் முடிஞ்சே போச்சு. நாங்க ரெண்டு பேரும் கிணத்தடில தனியா ஒரு திஞ்சான் நடத்தினோம். அடோ மோன்லோன்யேபோ செஞ்சு கொடுத்தாங்க, நடுவுல பனை வெல்லம் வச்ச கொழுக்கட்டைன்னு வச்சுக்கோங்க, கொதிக்கிற தண்ணில மிதந்து வந்தா வெந்துடுச்சு. ஏமாத்துறதுக்கு ஒண்ணு ரெண்டுல வெல்லத்துக்குப் பதிலா பச்சை மிளகா வச்சிருப்பாங்க. அது எனக்குத்தான் வந்துச்சு, அவன்தான் வச்சிருப்பான்.

ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது முடி வந்துடுச்சு, எனக்கு சுருட்டை, அவனுக்கு முள்ளு முள்ளா. பதினெட்டு வயசுல குடியுரிமைக் கார்டு வாங்கப் போனப்பதான் வேற வேறங்கறது நல்லா உறைச்சுது. 1982 குடியுரிமைச் சட்டப்படி 1823க்கு முன்னாடியே இங்க இருந்த இனம்னா கேள்வி இல்ல, அவனுக்கு ரோஸ் கலர் கார்டு, அதான் முழுக் குடிமகன் கார்டு, உடனே வந்துடுச்சு. எனக்கு தாத்தா பேப்பரைக் கொண்டா, அப்பாயி பேப்பரைக் கொண்டான்னு மூணு வருஷம். ஒவ்வொரு தடவையும் கூட வந்தான், ஆபீஸ் உள்ள வர மாட்டான், எதிர் டீக்கடைல உக்காந்து தின்னுட்டே இருப்பான், பில்லு என் தலையில.

மெசேஜு விஷயத்துக்கு வரேன். கீழ ஒரு வரி சேத்திருந்தான்: அம்மாவுக்கு எழுந்திருக்க முடியல, தனக்கா அரைக்க ஆள் இல்ல, உங்க சந்தனம் கொண்டு வா, பையன் தலைக்கு நீயே அரைச்சுப் பூசு.

நான் கடைசியா சந்தனம் அரைச்சு எத்தனை வருஷம் ஆச்சுன்னே தெரியல. பவுடரும் வில்லையும் வேணாம், கட்டையா வேணும். ரங்கூன் ஷ்வேபோன்தா தெருவுல, அதான் நம்ம மொகல் தெருவுல, நல்ல கட்டை எந்தக் கடைல கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா, திஞ்சானுக்கு கடை எல்லாம் மூடிடுவாங்க.