நார்விச்சா, வர்ஜீனியா டெக்கா? ஒரு இன்ஹேலர் சீட்டு படுத்திய பாடு

மே 23, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலே முக்காலுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. பையன் ஒன்றும் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்தான். ராணுவ ஸ்காலர்ஷிப்புக்கான மருத்துவ விலக்கு, ‘வெய்வர் வழங்கப்பட்டது’ என்ற ஒரு வரியைப் படிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நார்விச் கல்லூரி கொடுத்திருந்த கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதம் நாங்கள் பட்டதை, இதே வழியில் வரப்போகும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வடக்கு வர்ஜீனியா. பையனுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ராணுவம்தான். என் தாத்தா மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்தவர், அந்த ரத்தமாக இருக்கலாம். ஊரில் மாமியாரும் இங்கே தமிழ்ச் சங்கத்து நண்பர்களும் ‘நல்லா படிக்கிற பிள்ளையைப் பட்டாளத்துக்கா அனுப்புறீங்க?’ என்று கேட்காத நாள் இல்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயிண்ட் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அமெரிக்கச் சட்டமே ‘சீனியர் மிலிட்டரி காலேஜ்’ என்று பெயர் சொல்லும் ஆறு கல்லூரிகள்: வெர்மான்ட்டில் நார்விச், வர்ஜீனியாவில் வி.எம்.ஐ. (வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிடியூட்), வர்ஜீனியா டெக், தென் கரோலினாவில் சிட்டடெல், டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், வடக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகம். சாதாரண பட்டப்படிப்புதான், ஆனால் கேடட், அதாவது ராணுவப் பயிற்சி மாணவர், வாழ்க்கையோடு. வெஸ்ட் பாயிண்ட் போல எல்லாம் இலவசம் கிடையாது. ஆர்.ஓ.டி.சி. (கல்லூரியிலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் திட்டம்) ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை ராணுவம் கட்டும், புத்தகத்துக்கு வருடம் 1,200 டாலரும் கைச்செலவுக்கு மாதம் 420 டாலரும் தரும். பதிலுக்கு, முடித்ததும் அதிகாரியாகச் சேர வேண்டும். முழுநேரம், ரிசர்வ் எல்லாம் சேர்த்து மொத்தக் கடப்பாடு 8 வருடம்.

பையன் இந்த ஆறில் ஐந்துக்கு விண்ணப்பித்தான், ஐந்திலும் இடம் கிடைத்தது. பிரச்சினை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவனுக்குப் பிடித்தது நார்விச். 1819-இல் ஆரம்பித்த தனியார் பல்கலைக்கழகம், மலைக்கு நடுவே நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊர். பிப்ரவரி மாதப் பனியில் போய்ப் பார்த்தோம். மெக்கானிக்கல் ஆய்வகத்தில் ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் நின்று அவனோடு பேசினார். திரும்பும் வழியில் காரில் அவன் வாய் ஓயவில்லை. ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகும் கல்லூரி வர்ஜீனியா டெக். உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், நாலு மணி நேரத்தில் போய்விடலாம், பொறியியலில் நல்ல பெயர். ஆனால் இளநிலையில் மட்டும் 30 ஆயிரம் பேர் படிக்கும் இடம். அதற்குள் கேடட் படை ஆயிரத்துச் சொச்சம்தான். இவன் வகுப்பில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்காமல் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டுகிற பிள்ளை. பெரிய வகுப்பறையில் கடைசி வரிசையில் காணாமல் போய்விடுவான் என்று எனக்கும் பட்டது.

இரண்டுக்கும் நடுவில் வி.எம்.ஐ. இருக்கிறதே, உள்மாநிலக் கட்டணம், சின்னக் கல்லூரி என்று பலரும் சொன்னார்கள். நாங்களும் ஆசையோடுதான் போனோம். அங்கே படிக்கிற எல்லோரும் கேடட், நாலு வருடமும் பாரக்ஸில்தான் வாசம். பையன் யோசித்துவிட்டு, “எனக்கு கமிஷன், அதிகாரிப் பதவி, கிடைக்கும்னு உறுதியா இருந்தா நாலு வருஷம் இப்படி இருப்பேன்மா, கிடைக்காட்டி முடியாது” என்றான். பதினேழு வயதில் அவ்வளவு தெளிவாகச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. நார்விச்சிலும் டெக்கிலும் கேடட் அல்லாத மாணவர்களும் இருக்கிறார்கள், விலகினாலும் அங்கேயே படிப்பைத் தொடரலாம். இந்த வித்தியாசத்தைக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். எங்களுக்கு வந்த கடிதங்களின்படி, நார்விச் கொடுத்த மெரிட் உதவியைக் கழித்த பிறகும் டெக்கைவிட வருடத்துக்கு 15 ஆயிரம் டாலருக்குக் கிட்ட அதிகம். நாலு வருடத்துக்கு 60 ஆயிரம். பிப்ரவரி கடைசியில் ஆர்.ஓ.டி.சி. முடிவு வந்தது. மூன்று வருட ஸ்காலர்ஷிப்! கடிதத்தில் இரண்டு கல்லூரிகளின் பெயர்தான் இருந்தது, நல்லவேளையாக இரண்டும் இவைதான். மூன்று வருடம் என்றால் முதல் வருடம் நம் கைப்பணம், இரண்டாம் வருடத்திலிருந்து ராணுவம். கட்டணம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் ராணுவம் கட்டிவிடுவதால், இரண்டாம் வருடத்திலிருந்து நார்விச்சும் டெக்கும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே செலவு, தங்குவதும் சாப்பாடும் மட்டும்தான். அதாவது ஸ்காலர்ஷிப் நிலைத்தால் நார்விச்சுக்கு அதிகப்படிச் செலவு 15 ஆயிரம், கைவிட்டுப் போனால் 60 ஆயிரம்.

அன்று இரவு என் கணவர் ஒரு தாளில் இரண்டையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். “ஸ்காலர்ஷிப் இல்லைன்னு வெச்சு எது தாங்குமோ அதுதான் நம்ம கல்லூரி. வந்தா பார்த்துக்கலாம்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் கணக்கு என்று. மூன்று வாரத்தில் அவர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது.

ராணுவ ஆர்.ஓ.டி.சி.யில் மருத்துவப் பரிசோதனை, ஸ்காலர்ஷிப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொடங்குகிறது. ‘டாட்மெர்ப்’ என்ற வாரியம் அதைப் பார்க்கிறது. உடல் பரிசோதனை ஒரு நாள், கண் பரிசோதனை ஒரு நாள், இரண்டும் சுலபமாக முடிந்தன. படிவத்தில் ‘இன்ஹேலர் பயன்படுத்தியது உண்டா’ என்ற கேள்விக்கு, ஒருமுறை என்று உண்மையை எழுதினான். மார்ச் கடைசி வாரம் பதில் வந்தது: தகுதியில்லை.

விஷயம் இதுதான். 13-ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தால் தகுதியில்லை என்பது விதி. நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தபோது, அவனுக்குப் பதின்மூன்றரை வயதில் ஃப்ளூ வந்து இரண்டு வாரம் இருமல் நிற்கவே இல்லை. ஒரு கிளினிக்கில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். நாலு நாள் போட்டுக்கொண்டான், அப்புறம் அது குளியலறை அலமாரியிலேயே கிடந்து காலாவதியானது. அவ்வளவுதான் அவனுடைய ஆஸ்துமா.

தகுதியில்லை என்ற கடிதம் முடிவு அல்ல, இதை நன்றாக நினைவில் வையுங்கள். தகுதி உண்டா இல்லையா என்று சொல்வதோடு டாட்மெர்ப்பின் வேலை முடிகிறது. விலக்கு தருவது, அதாவது வெய்வர், அந்தந்தப் படைப்பிரிவின் கையில். ஆனால் அவர்கள் பழைய மருத்துவப் பதிவு முழுவதையும் கேட்பார்கள். எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

கிளினிக்குக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, நாலரை மணி நேரம் காரோட்டி எடிசன் போனேன். பையனுக்கு அன்று பரீட்சை, அதனால் வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண்மணி கணினியில் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார். “இவருக்குப் போன மாதத்துக்கு முந்தின மாதம் 18 முடிந்துவிட்டது. உங்களிடம் கொடுக்க முடியாது” என்றார். அம்மா என்றேன், பாஸ்போர்ட் நகலைக் காட்டினேன், வர்ஜீனியாவிலிருந்து வருகிறேன் என்றேன். அவன் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும், மின்னஞ்சலில் ஏற்க மாட்டோம், நேரில் அல்லது ஃபேக்ஸ் என்றார். சட்டம் சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டதால் பழைய கோப்புகள் வேறு கிடங்கில் இருக்கின்றன, எடுக்க 30 நாள் வரை ஆகலாம் என்பதை, நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்டபோதுதான் சொன்னார். கார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு வரும்போது இரவு ஒன்பது மணி.

மறுநாள் பையன் கையெழுத்துப் போட்டான், ஒரு கடையில் போய் ஃபேக்ஸ் அனுப்பினோம். அதன் பிறகு தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் முன் அவனே கிளினிக்குக்குப் போன் செய்தான். இது முக்கியம்: 18 ஆனபின் அம்மா அப்பா பேசினால் எந்தக் கதவும் திறக்காது. பன்னிரண்டாவது நாள் கோப்பு வந்தது. அதில் மருத்துவர் கைப்பட எழுதியது ‘வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வீசிங்’. ஆனால் பில்லுக்காகப் போட்டிருந்த குறியீடு ஜே45. ஆஸ்துமாவுக்கான குறியீடு அது. அந்த ஒரு குறியீடுதான் 60 ஆயிரம் டாலர் கேள்வியாக வந்து நின்றது.

நுரையீரல் நிபுணரிடம் நேரம் கேட்டால் ஜூன் என்றார்கள். யாராவது ரத்து செய்தால் கூப்பிடுங்கள் என்று பட்டியலில் பெயர் கொடுத்ததில் ஏப்ரல் 24 கிடைத்தது. ஊதிப் பார்க்கும் பரிசோதனை இரண்டு எடுத்தார்கள், இரண்டும் நார்மல். ஆஸ்துமா இல்லை என்று நிபுணரே கடிதம் எழுதித் தந்தார். எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியபோது ஏப்ரல் முடிய நாலு நாள்.

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி. ஃபாஃப்ஸா, அதாவது கல்லூரி நிதியுதவிக்கான அரசு விண்ணப்பம், குடியுரிமைச் சரிபார்ப்பில் நின்றது. பையன் சென்னையில் பிறந்தவன். நாங்கள் குடியுரிமை வாங்கியபோது சின்னவன் என்பதால் அவனுக்கும் தானாகவே வந்துவிட்டது, பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டோம். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி பதிவில் அவன் இன்னும் கிரீன் கார்டுக்காரன், ஏனென்றால் நாங்கள் போய்ச் சொல்லவே இல்லை. 2025 ஜனவரியிலிருந்து அங்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தான் போக வேண்டும் என்பதும் தெரியாமல் ஒருமுறை போய்த் திரும்பினோம். இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் உள்ள வீடுகள் எல்லாம் இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். கூடவே பெயரையும் பாருங்கள். அப்பா பெயர் கடைசிப் பெயராக ஓரிடத்தில், இனிஷியலாக ஓரிடத்தில் என்று இருந்தால் அதுவும் நிறுத்தும்.

கல்லூரிகளின் நிதியுதவி அலுவலகங்களோடு பேசியதிலும் ஒரு பாடம். அந்த ஐந்தில் ஒரு கல்லூரி, ஸ்காலர்ஷிப் மாணவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் முதல் வருடத்திலிருந்தே இலவசம் என்று போனில் சொன்னது. அடுத்த வாரம் வேறொருவர், இல்லை, ராணுவம் பணம் கட்டத் தொடங்கும் வருடத்திலிருந்துதான் என்றார். எழுத்தில் கேட்டபோது இரண்டாமவர் சொன்னதுதான் சரி என்று வந்தது. ராணுவப் பணம் வந்ததும் கல்லூரி தன் மெரிட் உதவியைக் குறைத்துக்கொள்ளுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் எங்களுக்குப் பல ஆயிரம் இடித்திருக்கும்.

கல்லூரிக்கு முடிவு சொல்ல வேண்டிய மே 1 வந்துவிட்டது, வெய்வர் வரவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த தாளின்படி டெக்குக்கு டெபாசிட் கட்டினோம். பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி எங்களைக் கேட்காமலே அவன் ஒரு காரியம் செய்தான். நார்விச் சேர்க்கை அதிகாரிக்கு நிலைமையை அப்படியே எழுதி, வெய்வருக்காகக் காத்திருக்கிறேன், வேறிடத்தில் டெபாசிட் கட்டியிருக்கிறேன், ஜூன் 1 வரை அவகாசம் கிடைக்குமா என்று கேட்டிருந்தான். இரண்டு நாளில் சரி என்று பதில் வந்தது. எதையும் மறைக்காமல் கேட்டதால்தான் கிடைத்தது என்று நம்புகிறேன். கேட்டால் தருவார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

அப்புறம்தான் அந்த மே 23. டெக்குக்குக் கட்டிய டெபாசிட் போனது போனதுதான், அன்றே அவர்களுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டோம், அந்த இடம் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போகட்டும்.

ஆகஸ்டில் நார்விச்சில் விட்டுவிட்டு வந்தோம். முதல் வருடத்தில் பிடிக்கவில்லை என்றால், இரண்டாம் வருடம் தொடங்கும் முன் எந்தக் கடப்பாடும் இல்லாமல் விலகலாம். அதைச் சொல்லித்தான் அனுப்பினேன். “தெரியும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரிசையில் போய் நின்றான்.

போன வாரம் சின்னவளுக்கு இருமல், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அவளுக்கும் இப்போது பதின்மூன்று. குழந்தை மருத்துவர் இன்ஹேலர் எழுதினார், மருந்து வேண்டும்தான், மறுக்கவில்லை. “டாக்டர், பதிவில் என்ன குறியீடு போடுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூச்சுக்குழாய் அழற்சி என்று இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கி, அண்ணனுடைய நீலக் கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.